பற்றாத பற்று

பற்று என்னும் சொல்லுக்குத் தமிழிலே பொருள் பல. பிடித்தல் ஒன்று, விருப்பம் ஒன்று, கடைக்காரர் கணக்கேட்டிலே வரவுக்கு எதிரே எழுதப்படுவது மற்றொன்று. உலோகத் துண்டுகளை ஒட்டுதற்குக் கம்மியர் உருக்கி வார்க்கும் பற்றாசும் இச்சொல்லின் வழி வந்ததே. துறவு நூல்கள் விடச் சொல்வதும் பற்றை. பத்தி நூல்கள் கொள்ளச் சொல்வதும் பற்றை. மோட்டார் வண்டியிலே ‘கிளச்’ என நாம் வழங்கும் உறுப்பின் பெயருக்கும் ஆங்கிலத்தில் இறுகப் பற்றுதல் என்பதே பொருள். எஞ்சினின் சுழற்சி சில்லுகளுக்குச் செல்லும் வழியிலே நின்று, வேண்டியபோது பற்றியும் வேண்டாதபோது விட்டும் தொழில் செய்வது அது. கலைச்சொல் ஆக்குவோர் அதனை ‘உரசிணைப்பி’ என்பர். மோட்டார் திருத்தும் இளைஞரைக் கேட்டாலோ, “கிளச் பிடிக்கவில்லை, வழுக்குகிறது” என்பார். நோய் இன்னதென்பதை இதனினும் தெளிவாக ஒரு பண்டிதராலும் சொல்ல இயலாது.

இந்த வழுக்கலைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தேன். தமிழாசிரியன் ஒருவனுக்குப் பந்தய வண்டியோடு என்ன உறவு என்று அன்பர்கள் வினவலாம். நேரான உறவு யாதுமில்லை. என்னிடம் நன்னூல் பாடங்கேட்ட மாணாக்கர் ஒருவர், பின்னர்ப் பொறியியல் கற்று இங்கிலாந்திலே குடியேறினார். வார இறுதி நாட்களில் அங்கு நடைபெறும் கார்ட் பந்தயங்களிலே தொழில்நுட்பப் பரிசோதகராக அவர் பணி புரிகின்றார். அவர் எனக்கு எழுதும் கடிதங்களிலே இலக்கணச் சந்தேகங்கள் அருகிக் கிளச்சுச் சந்தேகங்கள் பெருகிவிட்டன. அவற்றைப் படிக்கப் படிக்க, பல்லாண்டு பரீட்சை மண்டபங்களில் மேற்பார்வை செய்த எனக்கு, அவருடைய தொழிலும் என்னுடைய தொழிலும் ஒன்றே என்பது புலனாயிற்று.

கார்ட் என்பது கூரையும் கதவும் அதிர்வு தாங்கும் வில்லும் இல்லாத மிகச் சிறு பந்தய வண்டி. ஓட்டுபவர் தரையினின்று சில அங்குல உயரத்திலே அமர்ந்திருப்பார். 1956 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே, கலிபோர்னியாவில், பந்தயக் கார்களை ஆக்கும் தொழிலிலிருந்த ஆட் இங்கெல்ஸ் என்பவர், புல்வெட்டும் பொறிக்கென ஆக்கப்பட்ட ஒரு சிறு ஈரடிப்பு எஞ்சினைக் குழாய்ச் சட்டமொன்றிலே பூட்டி ஓட்டியதே இதன் பிறப்பு. விளையாட்டாகத் தோன்றியது விரைவில் வினையாயிற்று. 1962 இல் சர்வதேச மோட்டார்ச் சம்மேளனம் இதற்கென ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. 1964 இல் முதலாவது உலக வெற்றிவீரர் பட்டத்தை இத்தாலியரான குய்டோ சாலா பெற்றார். பின்னாளில் பெருங்கார்ப் பந்தயங்களில் உலகப் புகழ் பெற்ற அயர்ட்டன் சென்னா, 1979 இலும் 1980 இலும் உலகக் கார்ட் பட்டத்துக்குப் போட்டியிட்டு இரண்டாமிடமே பெற்றார். இன்று பெரும் பந்தயங்களில் ஓடுவோருள் மிகப் பலர் சிறுவயதிலே கார்ட்டில் அமர்ந்து எழுதப் பழகியவர்கள். ஆம், எழுத என்றே சொல்வேன், அஃது அவர்களுடைய அரிச்சுவடி.

சாலாவும் சென்னாவும் ஓட்டிய அந்த 100 கன சென்ரிமீற்றர் வண்டிகளிலே கிளச் இல்லை. எஞ்சினும் பின்னச்சும் சங்கிலியால் என்றும் இணைந்திருந்தன. சில்லு நின்றால் எஞ்சினும் நின்றுவிடும். தள்ளிக்கொண்டு ஓடினாலன்றி வண்டி கிளம்பாது. வளைவிலே சுழன்று நின்ற சிறுவன் வேறொருவர் துணையின்றி மீண்டும் பந்தயத்திலே சேர்வது அரிது. இத்தொல்லையை நீக்கவே கிளச் வந்தது. 1990 களின் பிற்பகுதியில் ஒஸ்திரிய நாட்டு நிறுவனமாகிய றொட்டாக்ஸ், பொத்தானை அழுத்தியதும் கிளம்பும் 125 கன சென்ரிமீற்றர் எஞ்சின் ஒன்றைத் தானே பற்றும் கிளச்சோடு வெளியிட்டது. பெற்றோரும் பிள்ளையுமாக வந்து பந்தயம் ஓடும் எளிய குடும்பங்களை அது பெரிதும் ஈர்த்தது.

தானே பற்றும் என்றேன். அதனை விளக்குதல் வேண்டும். எஞ்சினின் சுழல்தண்டு முனையிலே, மெக்கானிக்குமார் ‘சூ’ எனக் கூறும் உருக்குத் துண்டுகள் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றைச் சூழ்ந்து ஓர் உருக்குக் கிண்ணம் கவிந்திருக்கும். கிண்ணத்தோடு இணைந்த பற்சில்லிலிருந்து சங்கிலி பின்னச்சுக்குச் செல்லும். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது, வில்லின் இழுவை சூக்களை உள்நோக்கி அடக்கி வைத்திருக்கும்; கிண்ணம் அசையாது. வேகம் கூடக் கூட, கவணிலே சுழற்றிய கல்லைப்போல, சூக்கள் வெளிநோக்கி விரிந்து கிண்ணத்தின் உட்சுவரிலே அழுந்தும். பௌதிக ஆசிரியர்கள் இதனை மையநீக்க விசை என்பர். வேகம் இரு மடங்கானால் இவ்விசை நான்கு மடங்காகும் என்பது அவர்கள் கணக்கு. 2,000 சுற்றிலே வில்லுக்கு அடங்கியிருந்த சூ, 4,000 சுற்றிலே நான்கு மடங்கு வலிமையோடு எழும். முதலிலே கிண்ணத்தைத் தடவி வழுக்கும். பின் இறுகப் பற்றும். அதன்பின் எஞ்சினும் அச்சும் ஒன்றேயாகும்.

ஆகவே சிறிது வழுக்குதல் கிளச்சின் இயல்பு; குற்றமன்று. எவ்வளவு நேரம், எந்த வேகம் வரையில் வழுக்குகின்றது என்பதிலேதான் வழக்கெல்லாம் பிறக்கின்றது. இவ்வகைச் சிறு ஈரடிப்பு எஞ்சின்கள் தாழ்ந்த சுற்றிலே சோம்பலானவை; 11,000 சுற்றைக் கடந்தே அவற்றின் உச்ச வலு தோன்றும். 4,000 சுற்றிலே கிளச் பற்றிக்கொண்டால், வண்டியின் பாரம் முழுவதும் சோம்பியிருக்கும் எஞ்சின் தலையிலே விழும். எஞ்சின் திணறி, மெல்ல மெல்லவே மேலெழும். அதே கிளச் 6,000 அல்லது 7,000 வரையில் வழுக்கிக்கொண்டிருந்தாலோ, எஞ்சின் தடையின்றி மேலே சென்று, விழித்தெழுந்த வலுவோடு வண்டியை உதைத்துத் தள்ளும். ஒற்றைக் கியர் வண்டிகள் இரு வரிசையாக மெதுவாய் ஓடிவந்து, குறி காட்டப்பட்டதும் விரைவன. அந்தக் கணத்திலும், கூரிய வளைவிலிருந்து வெளிப்படும் ஒவ்வொரு கணத்திலும், வழுக்கும் கிளச் உடையவன் ஒரு வண்டி நீளம் முந்திக்கொள்வான். கார்ட் பந்தயத்திலே ஒரு வண்டி நீளம் என்பது பரீட்சையிலே சித்திக்கும் தவறுதலுக்கும் இடையிலுள்ள ஒரு புள்ளியைப் போன்றது.

இதனைத் தடுக்கவே விதி பிறந்தது. றொட்டாக்ஸ் வகுப்பின் விதி எளியது: ஓட்டுபவர் இல்லாத வெறும் வண்டி, எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றை அடையும்போதேனும் நகரத் தொடங்கிவிட வேண்டும். முன்னரே நகர்ந்தால் நன்று. பிந்தி நகர்ந்தால் விலக்கு. பந்தயம் முடிந்ததும் வண்டிகள் ஒருவரும் தொடாதபடி காவல் முற்றத்துக்குக் கொண்டுவரப்படும். பரிசோதகர் சுற்றுமானியை எஞ்சினோடு இணைத்து, அக்சிலேற்றரை மெல்ல மெல்ல மிதிக்கச் செய்து, வண்டி அசையும் கணத்திலே எண்ணைப் படிப்பார். அரை நிமிட வேலை. அங்கு நிற்கும் தந்தைமாரின் முகத்தை அந்த அரை நிமிடமும் பார்க்க வேண்டும் என்று என் மாணாக்கர் எழுதியிருந்தார். பரீட்சைப் பெறுபேறு ஒட்டப்படும் பலகையின் முன்னே நிற்கும் முகங்களை நான் அறிவேன். ஆதலால் மேலும் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

வஞ்சகம் எவ்வழியாக நுழைகின்றது? கிளச்சின் பற்று நான்கினைச் சார்ந்தது: சூவின் நிறை, வில்லின் இழுவை, கிண்ணத்தின் உள்விட்டம், உராயும் முகங்களின் தன்மை. சூவை அராவி நிறையைக் குறைத்தால் அது பிந்தியே விரியும். வில்லைக் கடுப்பாக்கினாலும் அவ்வாறே. கிண்ணத்தை உட்புறமாகக் கடைந்து விரித்தால் சூ சென்றடையும் தூரம் கூடும். இம்மூன்றையும் கண்டுபிடித்தல் கடினமன்று. தராசும் வேணியர் இடுக்கியும் உள்ளவனுக்கு அவை ஒளிய முடியாது. நிறையும் தடிப்பும் விட்டமும் இன்னவாக இருக்க வேண்டுமென விதிநூல்கள் எண்களாலே வரையறுத்துள்ளன. றொட்டாக்ஸ் எஞ்சினின் உட்பாகம் முத்திரையிடப்பட்டிருப்பது. கிளச்சோ முத்திரைக்கு வெளியே கிடப்பது. கை வைக்க எண்ணுவோன் திறந்து கிடக்கும் கதவையே நாடுவான்.

நான்காவது வழிதான் பொல்லாதது. கிண்ணத்தின் உட்சுவரிலே சிறிது எண்ணெயையோ வழுக்கும் தைலத்தையோ விசிறிவிட்டால், சூ அழுந்தும், ஆனால் பற்றாது. தொடக்கத்திலும் முதற் சில வளைவுகளிலும் வேண்டிய பயனைக் கொடுத்துவிட்டு, வெப்பத்தாலே அது தானே எரிந்துபோகும். பந்தயம் முடிந்து வண்டி பரிசோதகர் முன் வரும்போது சான்று புகையாகப் போயிருக்கும். காதிலே சிறு காகிதத் துணுக்கோடு பரீட்சை மண்டபத்துக்கு வந்து, அதனை மென்று விழுங்கிவிட்ட ஒரு மாணவனை நான் அறிவேன். அவனுக்கும் இவர்களுக்கும் ஆசான் ஒருவனே போலும்.

அன்றியும், எண்ணெய் முற்றாக எரியாமல் எஞ்சியிருந்தாலும் 4,000 சுற்றுச் சோதனை அதனைக் காட்டுவது ஐயமே. ஓட்டுபவர் இல்லாத வெறும் வண்டி இலேசானது; அதனை அசைக்கச் சிறு தடவல் போதும். வழுக்கும் கிளச்சும் அவ்வளவு தடவலைக் கொடுத்துவிடும். ‘எப்போது தொடத் தொடங்குகிறது’ என்பதை அச்சோதனை அளக்குமேயன்றி, ‘எப்போது முற்றாகப் பற்றி முடிகிறது’ என்பதை அளக்காது. தொடுதல் வேறு, பற்றுதல் வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்தே, சர்வதேச ஆணைக்குழு 2007 இலே கிளச்சோடு கூடிய கேஎஃப் வகுப்பைக் கொண்டுவந்தபோது இரண்டு எல்லைகளை வகுத்தது: ஓட்டுபவர் அமர்ந்த வண்டி இன்ன சுற்றுக்குள் நகர வேண்டும் என்பது ஒன்று, இன்ன சுற்றுக்குள் வழுக்கல் முற்றாக ஒழிய வேண்டும் என்பது மற்றொன்று.

இரண்டாவதை எங்ஙனம் அளப்பது? ஒருமுறை, பிறேக்கை இறுக மிதித்துப் பின்னச்சைக் கட்டிவைத்து, அக்சிலேற்றரை முழுதும் திறந்துவிடுதல். எஞ்சின் உயர்ந்து, கிளச்சின் பிடி எஞ்சினின் முறுக்கத்துக்கு ஈடாகும் இடத்திலே மேலே செல்ல முடியாமல் நின்றுவிடும். அந்த எண்ணே கிளச்சின் மெய்யான இயல்பு. நிறை, வில், விட்டம், எண்ணெய் ஆகிய நான்கு வழிகளில் எதனாலே வஞ்சகம் நுழைந்திருப்பினும் அவ்வெண்ணிலே அது வெளிப்படும். ஆனால் சில நொடிக்கு மேல் அவ்வாறு பிடித்து வைத்தால் கிளச் நீலம் பாய்ந்து கெட்டுவிடும். சோதனையே பொருளை அழிக்குமாயின், குற்றமற்றவனுடைய கிளச்சுக்கு விலை கொடுப்பவர் யார்?

மற்றொரு முறை கணக்கின் முறை; எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. முன் பற்சில்லிலே 13 பற்களும் பின் பற்சில்லிலே 78 பற்களும் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் ஆறு சுற்றுச் சுற்ற அச்சு ஒரு சுற்றுச் சுற்றும். கிளச் முற்றாகப் பற்றியிருக்கும்வரை இந்த ஆறுக்கு ஒன்று மாறவே மாறாது. பின் ரயரின் விட்டம் 11 அங்குலம். சுற்றளவு ஏறக்குறைய 88 சென்ரிமீற்றர். அச்சு நிமிடத்துக்கு 1,000 சுற்றுச் சுற்றினால் வண்டி மணிக்கு 53 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். எஞ்சின் 6,000 சுற்றைக் காட்ட வேண்டும். அவ்வேகத்திலே பதிகருவி 7,000 என்று காட்டுமாயின், அந்த மிகையான ஆயிரம் எங்கே போயிற்று? கிளச்சிலே வழுக்கிப் போயிற்று. வண்டியிலே ஒட்டிய சிறு பதிகருவி ஒரு நொடியின் பின்னங்களையும் எழுதிவைப்பதால், எண்ணெய் எரிந்துபோனாலும் எழுத்து எரியாது.

இங்கும் ஒரு பொறி உண்டு. சில கருவிகள் வேகத்தை அச்சிலிருந்து எடாமல் வானிலுள்ள செய்மதிகளிலிருந்து எடுக்கும். வளைவிலே பின் ரயர்கள் தரையிற் பற்றாமல் வெறிதே சுழன்றாலும், அவ்வகைக் கருவி ‘எஞ்சின் மிகை, வேகம் குறை’ என்றே சொல்லும். மழை ஈரத்திலே ரயர் வழுக்கியதைக் கிளச் வழுக்கியதாகக் கொண்டு ஒருவனைக் குற்றவாளியாக்குதல் கூடும். ஆதலால், செய்மதியின் சொல்லை மட்டும் நம்பி எவரையும் விலக்கேன். அச்சிலே பொருத்திய உணரியின் சொல்லும் எனக்கு வேண்டும் என்பது என் மாணாக்கரின் உறுதி. ஒரு சாட்சியின் சொல்லை மறு சாட்சியின் சொல்லோடு ஒப்பிடாத நீதி என்ன நீதி?

சிலப்பதிகாரத்தை அறியாத தமிழர் இலர். பாண்டிமாதேவியின் சிலம்பும் கண்ணகியின் சிலம்பும் புறத்தோற்றத்தால் ஒத்தன. உள்ளிருந்த பரல்களே வேறு. ஒன்றிலே முத்து, மற்றதிலே மாணிக்கம். உடைத்துப் பார்த்த ஒரு கணத்திலே உண்மை தெறித்தது. சோதனை எளியதாகவும் ஐயத்துக்கு இடமற்றதாகவும் இருந்தது; ஆனால் கோவலன் கொலையுண்ட பின்னரே அது நிகழ்ந்தது. பொற்கொல்லன் ‘இவன் கள்வன்’ என்றபோதே ஒரு பரலை எடுத்துப் பார்த்திருந்தால் காப்பியமே இல்லை. வகுப்பிலே இப்பகுதியைக் கற்பிக்குந்தோறும், பொருள் இன்னது என்று அறிவதற்கு முன்னே ஆள் இன்னவன் என்று முடிவு செய்ததையே மாணாக்கருக்கு எடுத்துக் காட்டுவேன்.

கார்ட் முற்றத்திலும் இது நிகழ்கின்றது. சென்ற ஆண்டு என் மாணாக்கர் எழுதிய நீண்ட கடிதம் ஒன்று இதனைப் பற்றியது. பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் அன்றைய ஓட்டத்திலே முதலாவதாக வந்தான். காவல் முற்றத்திலே அவனுடைய வண்டி 4,250 சுற்றிலேதான் அசைந்தது. மூன்று முறை சோதித்தார்கள்; மூன்று முறையும் ஏறக்குறைய அதே எண். சுற்றுமானியே பிழையோ என்று, ஐயமற்ற வேறொரு வண்டியிலே அதனை வைத்துப் பார்த்தார்கள்; மானி சரியாகவே சொன்னது. இதற்குள், இரண்டாவதாக வந்தவனுடைய மெக்கானிக், முற்றத்து வேலிக்கு வெளியே நின்று ‘கள்ளன், கள்ளன்’ என்று கூவத் தொடங்கினார். சிறுவன் தலைக்கவசத்தைக் கழற்றவேயில்லையாம்.

கிளச்சைத் திறந்தார்கள். சூக்களின் முகம் தேய்ந்து நீலம் பாய்ந்திருந்தது. அரம் பட்ட கீறல் இல்லை. வெள்ளைத் துணியாலே கிண்ணத்தைத் துடைத்தபோது கருந்தூள் வந்தது, பிசுக்கு வரவில்லை. தடிப்பை அளந்தபோது விதித்த அளவுக்குச் சற்றே குறைவு. தேய்ந்த சூ நிறை குறையும். கிண்ணத்தை அடையவும் அதற்குக் கூடிய தூரம். ஆகவே பிந்தியே பற்றும். அராவிய சூவும் தேய்ந்த சூவும் சுற்றுமானிக்கு ஒன்றே. தந்தை அந்த எஞ்சினைப் பழையதாக வாங்கியவர். கிளச்சை ஒருமுறையேனும் திறந்து பார்த்தவரல்லர்.

விதி என்ன செய்யும்? விலக்கும். விலக்கவும் செய்தது. அது சரியே என்பது என் துணிபு. விதி வண்டியை அளக்கிறது, நெஞ்சை அளக்கவில்லை. தேய்வினாலே பிந்திப் பற்றிய கிளச்சும் ஒரு வண்டி நீளத்தை ஓட்டியவனுக்குக் கொடுத்தே இருக்கும். இரண்டாவதாக வந்தவன் அந்த நீளத்தை இழந்தே இருப்பான். இரக்கங் காட்டி வெற்றியை விட்டுவைத்தால், அவ்விரக்கத்தின் விலையை வேறொரு சிறுவன் கொடுக்க நேரும். ஆனால் பரிசோதகர் அறிக்கையிலே எழுதிய சொல்லை நான் பெரிதும் மெச்சுகிறேன். ‘விதிக்கு ஒவ்வாத உறுப்பு, காரணம் தேய்வு’ என்று எழுதினாரே தவிர, ‘வஞ்சகம்’ என்று எழுதவில்லை. எழுதியபின் வேலியண்டை சென்று, கூவிய மெக்கானிக்கை உள்ளே அழைத்து, திறந்த கிளச்சையும் வெள்ளைத் துணியையும் காட்டினார். அந்த மனிதர் நெடுநேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமற் போய்விட்டாராம்.

கிளச் வழுக்கிற்று என்பதைக் கருவி காட்டும். யாரோ அதனை வழுக்கச் செய்தார் என்பதைக் காட்டக் கருவியால் ஆகாது. அதற்கு அரம் பட்ட தடமோ, தைலத்தின் வாடையோ, மாற்றிப் பூட்டிய வில்லோ வேண்டும். எண்ணெய் கண்டவிடத்தும் அவசரம் ஆகாது. கிண்ணம் சுழலும் ஊசிப் பெயாரிங்குக்கு இடையிடையே மசகு இட வேண்டும். கை தவறிச் சிறிது மிகையாக இட்டால், அது சுழற்சியிலே சிதறி உட்சுவரிலே படும். வேண்டுமென்று விசிறியவனுக்கும் மசகைச் சற்று அதிகமாக அப்பியவனுக்கும் வேற்றுமை காண, எண்ணெய் எவ்விடத்திலே எவ்வாறு படிந்துள்ளது என்று பார்க்கும் கண் வேண்டும். பரீட்சை மண்டபத்திலும் இதுவே. ஒரே பிழையை இரு விடைத்தாளிலே கண்டதும் ‘பார்த்து எழுதினான்’ என்று பாய்வோர் உளர். இருவரும் ஒரே ஆசிரியரிடம் அப்பிழையைக் கற்றிருக்கலாம் என்பதை அவர்கள் நினைப்பதில்லை.

ஐயத்தையே வேரோடு களையும் வழி ஒன்றும் உண்டு. பொருளை ஒவ்வொருவரும் கொண்டுவராமல் பந்தயம் நடத்துவோரே கொடுத்துவிடுதல். 2000 ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் றொட்டாக்ஸ் உலக இறுதிப் போட்டியிலே, பல நாட்டு வெற்றியாளருக்கும் எஞ்சின்கள் குலுக்கல் முறையிலே வழங்கப்படுகின்றன. தனக்கு எது வரும் என்று எவரும் அறியார். ஆதலின் முன்கூட்டிக் கைவைத்தற்கு வழியில்லை. பணம் மிகுந்தவனும் பழையதை வாங்கியவனும் அங்கு ஒரே படியில் நிற்பர். ஆனால் சிற்றூர்ப் பந்தயங்களுக்கு அத்துணைச் செலவு கட்டாது.

பெரும் பந்தயங்களிலே வேறொரு முடிவு எடுத்தார்கள். கேஎஃப் வகுப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. விலையும் பாரமும் சிக்கலும் மிகுந்தன என்ற குறை எழுந்தது. 2016 இல் அதற்கு மாற்றாக வந்த ஓகே வகுப்பிலே கிளச்சையே நீக்கிவிட்டார்கள். எஞ்சின் மீண்டும் நேரே அச்சோடு பூட்டப்பட்டது. ஓட்டுபவர் பழையபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிச்சென்று ஏறி அமர்கிறார். பற்றே இல்லாதவிடத்துப் பொய்ப்பற்றுக்கு இடமில்லை. துறவு நூலார் கண்டால் மகிழ்வர். எனினும் இளையோரும் புதியோரும் ஓடும் வகுப்புக்களிலே கிளச் இன்றும் உள்ளது. சுழன்று நின்ற பிள்ளை தானே மீண்டும் கிளம்ப அது வேண்டியிருக்கிறது. அவ்விடத்திலே வழுக்கலும் இருக்கும், ஐயமும் இருக்கும், சுற்றுமானியோடு ஒருவர் குனிந்து நிற்கவும் வேண்டியிருக்கும்.

அந்தக் கடிதத்துக்குப் பின் என் மாணாக்கர் புதிய வழக்கம் ஒன்றை மேற்கொண்டுள்ளார். பந்தயத்துக்கு முதல்நாள் வெள்ளி மாலையிலே, தாம் மறுநாள் கையாளப்போகும் அதே சுற்றுமானியை முற்றத்திலே மேசைமேல் வைத்துவிடுகிறார். விரும்பியவர் வண்டியைக் கொண்டுவந்து சோதித்துக்கொள்ளலாம். காணும் எண்ணை எவரும் எழுதிவைப்பதில்லை. குறை கண்டால் இரவோடிரவாகத் திருத்திக்கொள்ளலாம். வஞ்சகருக்கு இதனால் வசதியாயிற்றே என்று சிலர் குறை கூறினார்களாம். எல்லையைத் தெரிந்துகொண்டு எல்லைக்குள்ளே நிற்பவனை நான் ஏன் தடுக்க வேண்டும் என்பது அவர் விடை. இப்போது வெள்ளி மாலைகளில் அம்மேசையின் முன் வரிசை நீள்கிறதாம். இப்பருவத்தின் முதற் பந்தயத்தன்று முன்னதாக வந்து நின்றவர்கள் அந்தச் சிறுவனும் தந்தையுமே. புதுக் கிளச் பூட்டியிருந்தார்கள். வண்டி 3,700 சுற்றிலே அசைந்தது.